உங்க மரியோ எத்தனை ஹெர்ட்ஸ்?

மக்களே, இந்த வாரம் ஒரு சின்ன டெஸ்ட்டோடு ஆரம்பிப்போம். அரியர் பயமெல்லாம் வேண்டாம், இதில் எல்லோருமே பாஸ்தான். வேண்டியது ஒரு மரியோ கேம், ஒரு ஸ்டாப் வாட்ச்.

சூப்பர் மரியோ பிரதர்ஸ் முதல் ஸ்டேஜைத் திறந்துகொள்ளுங்கள். மேலே வலது மூலையில் 'டைம்' என்று 400-லிருந்து இறங்கிக்கொண்டே வரும் இல்லையா? மரியோவை ஓடவிடாமல் கிளம்புகிற இடத்திலேயே நிறுத்திவிட்டு, 390-லிருந்து 290 வரை இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். 40 விநாடி வந்தால் உங்க மரியோ 60 ஹெர்ட்ஸ் பார்ட்டி. 48 விநாடி வந்தால் 50 ஹெர்ட்ஸ் பார்ட்டி.

100 குறைய 40 விநாடியா என்று முழிக்காதீர்கள். அந்த 'டைம்' நம்ம ஊர் விநாடியே கிடையாது. திரையில் 24 படம் ஓடி முடிந்தால் அதில் ஒன்று குறையும், அவ்வளவுதான் விஷயம். விநாடிக்கு 60 படம் ஓடுகிற டி.வி.யில் 2,400 படம் ஓட 40 விநாடி. 50 படம் ஓடுகிற டி.வி.யில் அதே 2,400 படத்துக்கு 48 விநாடி. கடிகாரம் மட்டும் இல்லை பாஸ், மரியோவுக்கும் இதே கணக்குதான். முழு வேகத்தில் ஓடும்போது அவர் ஒரு படத்துக்கு இரண்டரைப் புள்ளி நகர்வார். அங்கே விநாடிக்கு 150 புள்ளி, இங்கே 125. ஆமை, காளான், பேக்ரவுண்ட் மியூசிக் என்று எல்லாமே இந்த விகிதத்தில்தான் ஓடும்.

இதை 17 சதவிகிதம் ஸ்லோ என்றும் சொல்வார்கள், 20 சதவிகிதம் ஃபாஸ்ட் என்றும் சொல்வார்கள். சண்டை போட வேண்டாம், இரண்டும் சரிதான். 60-லிருந்து 50-க்கு இறங்கினால் முதல் கணக்கு, 50-லிருந்து 60-க்கு ஏறினால் இரண்டாவது.

இதில் நமக்கு என்ன வந்தது? 1990-களில் நம் ஊரில் டி.வி. கேம் ஆடி வளர்ந்த அண்ணன், அக்கா, சித்தப்பா கூட்டம் கிட்டத்தட்ட முழுக்க அந்த 48 விநாடி மரியோவைத்தான் ஆடியது. இன்றைக்கு லேப்டாப்பிலோ செல்போனிலோ எமுலேட்டர் போட்டால் வருவது பெரும்பாலும் 40 விநாடி மரியோ. ரெண்டும் ஒரே ஆட்டம் இல்லை. எதை ஆடுவது, எதை வைத்து ரெக்கார்டு பேசுவது என்பதுதான் இந்த வாரப் பஞ்சாயத்து.

தறிக்கும் டி.வி.க்கும் என்ன சம்பந்தம்?

எங்க சங்கரன்கோவிலில் இதை விளக்குவது ரொம்ப ஈஸி. பல தெருக்களில் நுழைந்தாலே விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். அந்தத் தறியை ஓட்டுவது ஒரு மோட்டார். மோட்டாரின் வேகத்தை முடிவு செய்வது கரன்ட்டின் ஹெர்ட்ஸ். ட்ரிபிள் ஈ மக்களுக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். 120-ஐ ஹெர்ட்ஸால் பெருக்கி, துருவ எண்ணிக்கையால் வகுக்கணும். நாலு துருவ மோட்டார் நம்ம 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1,500 சுற்று. ஸ்லிப் கழித்தால் 1,440 சொச்சம். (மெஷின்ஸ் பேப்பரில் இந்த ஒரு ஃபார்முலா எனக்கு ரெண்டு மார்க் கொடுத்திருக்கிறது. நன்றி.) அதே மோட்டாரை 60 ஹெர்ட்ஸ் கரன்ட் உள்ள ஊரில் மாட்டினால் 1,800. தறி 20 சதவிகிதம் வேகமாக அடிக்கும், இழை அறும், நாடா தெறிக்கும். அங்கே போய்த் தறி ஓட்ட ஆசைப்பட்டால் புல்லியை மாற்றிவிட்டுத்தான் ஓட்டணும்.

டி.வி. கதையும் இந்தக் கரன்ட்டில்தான் தொடங்குகிறது. ஆரம்ப காலத்து இன்ஜினீயர்கள், டி.வி. விநாடிக்கு எத்தனை தடவை திரையை வரையும் என்பதைக் கரன்ட்டின் ஹெர்ட்ஸோடு ஒட்டி வைத்துவிட்டார்கள். அப்படி வைத்தால் கரன்ட்டால் படத்தில் விழும் பட்டை அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும், கண்ணை உறுத்தாது. அமெரிக்காவில் கரன்ட் 60, டி.வி.யும் 60. ஐரோப்பாவில் கரன்ட் 50, டி.வி.யும் 50. நம்ம நாடு ஐரோப்பா கட்சி. 1959 செப்டம்பரில் டெல்லியில் டி.வி. தொடங்கியது. சென்னைக்கு 1975-ல் வந்தது. 1982-ல் கலர் வந்தபோது 'பால்' முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆவின் பால் இல்லை சாமி, இது ஜெர்மனியில் உருவான கலர் முறையின் பெயர். அமெரிக்கா, ஜப்பான் முறைக்குப் பெயர் என்.டி.எஸ்.சி.

கொடைக்கானல் டவர் வருவதற்கு முன்னாடி, தென்மாவட்டத்து மொட்டை மாடிகளில் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்த்த கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அதுவும் இதே பால், இதே 50. நம்ம டி.வி. எந்தத் தகராறும் செய்யாமல் அதைக் காட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். ஜப்பானுக்காகச் செய்த கேம் பெட்டியை அந்தக் காலத்து நம்ம டி.வி.யில் மாட்டியிருந்தால் படம் மேலே மேலே உருண்டுகொண்டே போயிருக்கும், கலரும் வந்திருக்காது.

ஜப்பானில் ஒரு காமெடி உண்டு. டோக்கியோ பக்கம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா, கியோட்டோ பக்கம் 60 ஹெர்ட்ஸ். 1890-களில் கிழக்கே ஜெர்மனிக்காரனிடம் ஜெனரேட்டர் வாங்கினார்கள், மேற்கே அமெரிக்காக்காரனிடம். அந்தப் பிரிவு இன்றைக்கும் தொடர்கிறது. ஆனால் டி.வி. மட்டும் நாடு முழுக்க 60. அந்த 60-க்காகத்தான் கியோட்டோவில் இருக்கிற நிண்டெண்டோ 1983-ல் ஃபேமிகாம் பெட்டியைச் செய்தது, 1985-ல் மரியோவைச் செய்தது.

15-ஆல் வகுத்த மூளை

நிண்டெண்டோ தன் பெட்டியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனபோது புல்லி மாற்றும் வேலையைச் செய்தது. எல்லா கேமுக்கும் இல்லை, சிலதுக்கு. மரியோவுக்குச் செய்தது. ஐரோப்பிய மரியோவில் அவருடைய ஓட்ட வேகத்தையே கூட்டி எழுதியிருக்கிறார்கள், 50 படத்திலும் பழைய வேகத்துக்குப் பக்கத்தில் ஓடட்டும் என்று.

நமக்கு வந்தது அது இல்லை. நம்ம வீடுகளுக்கு வந்தது பெரும்பாலும் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள். சாமுராய் என்ற பெயர் சில அண்ணாச்சிகளுக்கு ஞாபகம் இருக்கும். மற்றபடி பெட்டிக்குப் பெட்டி ஒரு பெயர். கூடவே '9999 இன் 1' என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு கேசட். (அதில் உருப்படியாக ஏழெட்டு கேம் இருந்தால் அதிசயம். மீதி எல்லாம் அதே மரியோ, வேற நம்பரில்.) அந்த கேசட்டுகளில் இருந்தது ஜப்பானுக்காக, 60-க்காக எழுதின ஆட்டம். அதை 50-ல் ஓட்டினார்கள், புல்லி மாற்றாமல்.

இந்த இடத்தில் தைவான் மூளையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பால் பெட்டிக்குள்ளே சுமார் 26.6 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று இருக்கும். நிண்டெண்டோவின் ஐரோப்பியப் பெட்டி அதை 16-ஆல் வகுத்தது. பிராசஸர் வேகம் 1.66 மெகாஹெர்ட்ஸாக வந்தது. ஜப்பான் பெட்டியின் வேகமோ 1.79. இடைவெளி அதிகம், ஜப்பான் கேசட்டுகள் சில தடுமாறும். தைவானின் யு.எம்.சி. கம்பெனி தன் சிப்பில் 16-க்குப் பதில் 15-ஆல் வகுத்தது. 1.77 கிடைத்தது. கிட்டத்தட்ட ஜப்பான் வேகம்!

அதோடு விடவில்லை. 50 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கு 312 கோடு, 60 ஹெர்ட்ஸில் 262 கோடுதான். மிச்சம் இருக்கிற 50 கோட்டை எங்கே ஒளிப்பது? படம் வரைந்து முடிந்ததும் பெட்டி கேமுக்கு 'முடிஞ்சது, அடுத்த வேலையைப் பார்' என்று ஒரு சிக்னல் கொடுக்கும். ஐரோப்பியப் பெட்டி அந்த 50 கோட்டை சிக்னலுக்குப் பின்னால் வைத்தது. தைவான் சிப் அதை சிக்னலுக்கு முன்னால் சும்மா ஓடவிட்டது. சிக்னலுக்கு அப்புறம் நடக்கிறதெல்லாம் ஜப்பான் பெட்டியில் நடப்பது மாதிரியே இருக்கும். அதனால் ஜப்பான் கேசட் குழம்பாமல் ஓடும். ஓடும், ஆனால் விநாடிக்கு 50 அடிதான் வைக்கும்.

இந்த வகைக்கு எமுலேட்டர் எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டென்டி'. 1992-ல் ரஷ்யாவில் வந்த ஒரு நகல் பெட்டியின் பெயர் அது. அங்கேயும் ஒரு தலைமுறை நம்மைப் போலவே 48 விநாடி மரியோவில் வளர்ந்தது.

காதுக்கும் இதில் வேலை உண்டு. 16-ஆல் வகுத்த ஐரோப்பியப் பெட்டியில் ஜப்பான் கேசட்டை அப்படியே போட்டால், மியூசிக் மெதுவாவதோடு சுருதியும் அரைக் கட்டைக்கு மேல் இறங்கிவிடும். 15-ஆல் வகுத்த பெட்டியில் சுருதி கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், தாளம் மட்டும் இழுக்கும். கோஜி கோண்டோ போட்ட அந்த மரியோ மியூசிக்கைத்தான் நம்ம அண்ணன்கள் விளம்ப காலத்தில் கேட்டு ரசித்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, 50 ஹெர்ட்ஸ் டி.வி.யில் கோடுகள் அதிகம் என்பதால் படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு கொஞ்சம் அமுங்கித் தெரியும். மரியோ குட்டையாக இருந்தது அவர் பரம்பரை வாகு மட்டும் இல்லை!

"கை வரமாட்டேங்குலே"

எங்க சித்தப்பா தறி வைத்திருக்கிறார். சின்ன வயதில் தெருவிலேயே மரியோவை முடித்த ஒரே ஆள் அவர்தான் என்று எங்க ஆச்சியே சொல்லும். போன செமஸ்டர் லீவில் என் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். ஆசையாக உட்கார்ந்தார். முதல் ஸ்டேஜ் பள்ளத்திலேயே விழுந்தார். திரும்ப ஆடினார், திரும்ப விழுந்தார். நாலாவது தடவை கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வயசாயிட்டுல்லா... கை வரமாட்டேங்குலே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் ஒரு மாதிரி இருந்தது. அவருக்கு வயது நாற்பத்து மூணுதான்.

நான் செட்டிங்கில் போய் ரீஜன் என்கிற இடத்தில் டென்டி என்று மாற்றி வைத்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவ ஆடுங்க சித்தப்பா" என்றேன்.

ரெண்டாவது ஸ்டேஜில் மேலே ஏறி, கூரை மேலேயே ஓடி, வார்ப் குழாய்க்குள் இறங்கி, நேராக நாலாவது வேர்ல்டு. அங்கிருந்து எட்டாவது வேர்ல்டு. விரல் தானாகப் போகிறது. திரையைப் பார்த்தா ஆடுகிறார் என்றே எனக்குச் சந்தேகம். எட்டு - ரெண்டு வரைக்கும் போய்த்தான் செத்தார். "ஏ... இது சரியா இருக்குலே! முன்னாடி என்னத்தச் செஞ்சு வச்சிருந்த?"

விளக்கிச் சொன்னேன். உதாரணத்துக்கு, ஒரு தாவலுக்கு 12 படம் அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-ல் அது 200 மில்லி செகண்ட், 50-ல் 240. அந்த 40 மில்லி செகண்டில்தான் பள்ளமே இருக்கிறது. அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னாடி பழகின டைமிங்கை அது இன்னும் அட்சரம் பிசகாமல் வைத்திருக்கிறது, ஆட்டம்தான் வேற.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறியது. "அப்போ நாங்க ஆடுனதெல்லாம் ஸ்லோ மோஷனா? தெருவுல அத்தன பேரு கைதட்டுனது ஸ்லோ மோஷனுக்கா?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "ஈஸிதான் சித்தப்பா. ஆனா அந்தப் பெட்டியில அதான் வேகம். உங்களுக்கும் அதான், உங்ககூட ஆடுனவங்களுக்கும் அதான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தறி ஓட்டம் கூடிச்சின்னா கையும் அதுக்குத் தக்கன பழகிரும். விடு, அறுவதுலயே வையி" என்றார். ஹாஸ்டலுக்கு வந்த அடுத்த வாரம் போன்: "நாலு - ரெண்டு தாண்டிட்டேம்லே!" இப்போதும் 60-ல்தான் ஆடுகிறார். ஆனால் ஆட்டம் முடிந்ததும் டென்டிக்கு மாற்றி, மரியோவைச் சும்மா நிறுத்தி வைத்துக் கொஞ்ச நேரம் மியூசிக் கேட்பாராம். சித்தி சொல்லிச் சிரிக்கிறார்.

அப்போ எதைத்தான் வைப்பது?

'இந்தியா பால் நாடு, அதனால் பால் வைக்கணும்' என்று சிலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். தப்பு. நாட்டைப் பார்க்காதீர்கள், ஆட்டம் எந்த வேகத்துக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். ஜப்பான், அமெரிக்க ஆட்டம் என்றால் 60. மரியோ, கான்ட்ரா எல்லாம் இதில்தான் வரும்.

ஐரோப்பாவிலேயே, 50-க்காகவே பிறந்த ஆட்டங்களும் உண்டு. பிரிட்டனிலிருந்து வந்த 'எலைட்' 1991-ல் நிண்டெண்டோ பெட்டிக்கு வந்தபோது பால் பதிப்பாக மட்டுமே வந்தது. பிரிட்டன் வீடுகளில் ஓடிய இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் ஆட்டங்களும், ஐரோப்பிய காமடோர் 64 ஆட்டங்களும் அப்படியே. அவற்றை 60-ல் ஓட்டினால் மியூசிக் ரயிலைப் பிடிக்க ஓடுவது மாதிரி இருக்கும்.

சேகா கதை நடுவில் நிற்கிறது. 1995-ல் ஷா வாலஸ் கம்பெனி மூலமாக மெகா டிரைவ் நம்ம நாட்டுக்கு வந்தது. ஆமாம், அதே ஷா வாலஸ்தான். விலை 18,000 ரூபாய்! அந்தக் காலத்து 18,000. நம்ம தெருவில் யார் வீட்டில் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதன் 'சோனிக்' 1991-ல் வந்த முதல் பாகம் 50-ல் மியூசிக்கோடு சேர்ந்து இழுக்கும். அடுத்த வருஷம் வந்த இரண்டாம் பாகத்தில் மியூசிக் தாளத்தை மட்டுமாவது 50-க்காகச் சரி செய்து கொடுத்தார்கள். 1999-ல் ஐரோப்பாவில் ட்ரீம்காஸ்ட் வந்தபோது பல கேம்கள் ஆரம்பத்திலேயே '50 ஹெர்ட்ஸா, 60 ஹெர்ட்ஸா?' என்று ஆடுகிறவரையே கேட்டன. அந்த மரியாதை முன்னாடியே கிடைத்திருக்கணும்.

பிளேஸ்டேஷன் ஒன்று வைத்து மணிக்கணக்குக்கு வாடகை வாங்கின கடைகளை மறக்க முடியுமா? அங்கே ஓடின சி.டி.யில் பால் எது, என்.டி.எஸ்.சி. எது என்று யாரும் பார்த்ததில்லை. பக்கத்துக் கடை டெக்கன் வேகமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது பிரமையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சி.டி. மாறினாலே வேகம் மாறும். இது தெரியாத ஆள் நம்ம கடைக்காரர் மட்டும் இல்லை போலிருக்கிறது. சோனியே 2018 டிசம்பரில் 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' என்ற குட்டிப் பெட்டியை 20 கேமோடு விட்டபோது, அதில் 9 கேம் 50 ஹெர்ட்ஸ் ஐரோப்பியப் பதிப்பு. டெக்கன் 3-ம் அதில் அடக்கம். 60-ல் ஆடி வளர்ந்த அமெரிக்காக்காரர்கள் கையிலும் அதே 50-ஐக் கொடுத்தார்கள். திட்டு வாங்கினார்கள். நிண்டெண்டோ உஷார். 2021-ல் பழைய நிண்டெண்டோ 64 கேம்களை ஐரோப்பாவில் ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தபோது எல்லாமே 60-ல் ஆடலாம், சில கேமுக்குப் பழைய ஐரோப்பியப் பதிப்பையும் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவித்தது. அதுதான் நியாயமான வழி என்பது என் கட்சி.

சினிமாவில் இது நடந்தபோது நாம் யாருமே கேட்கவில்லை, பார்த்தீர்களா? தியேட்டரில் படம் விநாடிக்கு 24 ஃபிரேம். நம்ம 50 ஹெர்ட்ஸ் டி.வி.யில் ஒளிபரப்பும்போது அதை 25 ஆக்கி ஓட்டுவது வழக்கம். இரண்டரை மணி நேரப் படம், விளம்பரத்தைக் கழித்தால், 2 மணி 24 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைச் சரி செய்யாமல் விட்டால் பாட்டு கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். டி.வி.யில் மட்டுமே கேட்டுப் பழகின பாட்டைக் கேசட்டில் கேட்கும்போது 'என்னடா இது டல்லா இருக்கு' என்று தோன்றினால் காதைக் குறை சொல்லாதீர்கள்.

பரிசுப் பணம் 2,000

இதெல்லாம் ரசனை விவகாரம், எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். ஒரு கல்லூரி சிம்போசியத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு விட முடியவில்லை.

ரெட்ரோ கேமிங் என்று ஒரு ஈவென்ட். மரியோ முதல் நாலு ஸ்டேஜ், ஸ்டாப் வாட்ச், குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு 2,000 ரூபாய். ரெண்டு லேப்டாப். ஃபைனலில் என் கிளாஸ்மேட் ஒருத்தியும் வேற டிபார்ட்மென்ட் பையன் ஒருத்தனும். அவன் 3 நிமிடம். அவள் 3 நிமிடம் 6 விநாடி. பரிசு அவனுக்கு. அவள் ஆடின லேப்டாப்பில் மியூசிக் இழுக்கிற மாதிரி இருந்ததாகச் சொன்னாள். முடிந்த பிறகு செட்டிங்கைப் போய்ப் பார்த்தால், அவளுடையது டென்டி, 50. அவனுடையது 60. அவள் 186 விநாடியை ஆறில் ஐந்தாகக் குறைத்தால் 155. அதாவது 2 நிமிடம் 35 விநாடி. அவனை 25 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறாள்! ஒருங்கிணைப்பாளர்களிடம் சொன்னோம். "ரெண்டும் ஒரே கேம்தானே?" என்றார்கள். சர்டிஃபிகேட் எல்லாம் பிரின்ட் ஆகிவிட்டதாம்.

உலகத்தில் மரியோவை ஸ்டாப் வாட்ச் வைத்து ஆடுகிறவர்கள் இந்த விஷயத்தில் கறார். என்.டி.எஸ்.சி. ஒரு பட்டியல், பால் வேற பட்டியல். 2021 ஏப்ரலில் நிஃப்ட்ஸ்கி என்ற ஆட்டக்காரர் முழு மரியோவையும் 4 நிமிடம் 55 விநாடிக்குள் முதல் முறையாக முடித்தார். அதே விரல், அதே பட்டன், ஒரு படம்கூடப் பிசகாமல் நம்ம சாமுராய் காலத்துப் பெட்டியில் ஆடியிருந்தால்? 5 நிமிடம் 54 விநாடி. உலக சாதனை ஒரு நிமிடம் வழுக்கிவிடும். சிம்போசியம் நடத்துகிற மக்களே, போஸ்டரில் விருந்தினர் பெயரைப் போடுகிற இடத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி சேருங்கள்: 'எல்லா மெஷினும் 60 ஹெர்ட்ஸ்'. 50 என்றாலும் சரி, எல்லாருக்கும் 50 வையுங்கள்.

50-ல்தான் ஆடுவேன் என்று அடம்பிடிக்கும் பாசக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம்ம லேப்டாப் திரை பெரும்பாலும் 60-ல் நிற்கும். அதில் 50 படத்தை ஓட்டினால் ஒவ்வொரு ஐந்தாவது படத்தையும் ரெண்டு தடவை காட்டித்தான் கணக்கை நேர் செய்யும். மரியோ ஓடும்போது பின்னால் மேகம் வெட்டி வெட்டி நகரும். பழைய பிக்சர் டியூப் டி.வி.யில் இந்த வெட்டு கிடையாது. வழி இருக்கிறது. வீட்டு டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகி, லேப்டாப் டிஸ்ப்ளே செட்டிங்கில் 50-ஐத் தேர்ந்தெடுங்கள். நம்ம ஊரில் விற்கிற டி.வி. 50-ஐ ஏற்றுக்கொள்ளும், செட்டாப் பாக்ஸ் அதில்தானே வருகிறது. எமுலேட்டரில் மெசன், எஃப்.சி.இ.யு.எக்ஸ். ரெண்டிலும் ரீஜன் மெனுவில் டென்டி இருக்கிறது. பால் என்று இருப்பதைத் தொட்டுவிடாதீர்கள். அது 16-ஆல் வகுத்த ஐரோப்பியப் பெட்டி, சுருதி இறங்கிவிடும். சித்தப்பா உடனே கண்டுபிடித்துவிடுவார்.

சரி, ஸ்டாப் வாட்ச்சை எடுத்தாச்சா? பரணில் கிடக்கிற பெட்டி, ஆடித்தபசுக் கடையில் வாங்கின பெட்டி, செல்போன் எமுலேட்டர் எதுவானாலும் ஓகே. எந்த ஊர், என்ன பெட்டி, 40-ஆ 48-ஆ என்று எழுதி அனுப்புங்கள் மக்களே. நடுவில் 44 என்று யாருக்காவது வந்தால் அந்தப் பெட்டியை எனக்கு அனுப்பிவிடுங்கள், பிரித்துப் பார்க்கணும்!